குடியிருப்புக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு: நலவரம்பைக் கணக்கிடும் முறை

கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அங்கே குடியிருப்பவர்களுக்கு வரம்பு வைக்கும்போது பலரும் தொழிலாளர் வரம்பை எடுத்து ஏதோ ஓர் எண்ணால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்த வரம்பு, வேலை நேரத்தில் மட்டும் சுவாசிக்கும் பெரியவர்களுக்கானது. கைக்குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் இரவு பகலாக அதே காற்றுதான். அடியிலிருந்தே கணக்கிடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003-இல் போட்ட கணக்கு நல்ல பாடம்.

மிகக் குறைந்த செறிவிலேயே தலைகாட்டும் கேடு எது என்பதுதான் முதல் கேள்வி. எலிகளைத் தினமும் 6 மணி நேரம், 10 வாரம் இந்த வாயுவில் வைத்த ஆய்வில் 30 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 30 பங்கு வாயு) மூக்கின் மோப்பத் திசு சிதைந்தது. 10 பிபிஎம்மில் சிதையவில்லை. ஆகவே 10-இல் தொடங்குகிறோம்.

அதை 34.08-ஆல் (வாயுவின் மூலக்கூறு எடை) பெருக்கி 24.45-ஆல் (ஒரு மோல் வாயு அடைக்கும் லிட்டர்) வகுத்தால் கனமீட்டருக்கு 13.9 மில்லிகிராம் (25 டிகிரி வெப்பத்தில்). நாளில் கால்பங்கு நேரமே என்பதால் நான்கால் வகுக்க, 3.48. வாரம் 5 நாள் மட்டும் நடந்த ஆய்வென்றால் 5/7-ஆலும் பெருக்க வேண்டும். இது 7 நாளும் நடந்தது.

அடுத்ததில்தான் கவனம் தேவை. எலி நிமிடத்துக்கு 0.19 லிட்டர் காற்றை 15 சதுர சென்டிமீட்டர் மூக்குப் பரப்பில் இழுக்கிறது, மனிதர் 13.8 லிட்டரை 200-இல். பரப்புக்கு இவ்வளவு காற்று என்று வகுத்து ஒப்பிட்டால் விகிதம் 0.184. ஒரே காற்றில் நம் மூக்குத் திசுவின் மேல் ஐந்து மடங்குக்கும் அதிகமாக வாயு படுகிறது! 3.48-ஐ இதனால் பெருக்க, 0.64. கேடு நுரையீரலின் ஆழத்தில் என்றால் பரப்பும் விகிதமும் வேறு. மூக்கின் எண்ணை அங்கே போடக்கூடாது.

இனி ஐயக் காரணிகள், அதாவது உறுதியாகத் தெரியாதவற்றுக்காகப் பாதுகாப்புக்கு வகுக்கும் எண்கள். ஆளுக்கு ஆள் தாங்குதிறன் மாறுவதால் 10. பத்து வார ஆய்வை ஆயுள் முழுதுக்கும் நீட்டுவதால் இன்னொரு 10. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 3 மட்டுமே, ஏனென்றால் மூக்குக் கணக்கு அதில் ஒரு பங்கைத் தீர்த்துவிட்டது. 10 போட்டால் ஒரே ஐயத்துக்கு இருமுறை வகுத்ததாகும். மொத்தம் 300. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி வையுங்கள்.

0.64-ஐ 300-ஆல் வகுத்தால் 0.002 மில்லிகிராம், அதாவது கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராம். 2.13 என்று எழுதாதீர்கள், 300 என்பதே தோராயம்.

அளக்கும் கருவியையும் பாருங்கள். 1 பிபிஎம் என்பதே ஏறக்குறைய 1,400 மைக்ரோகிராம். ஒவ்வொரு பிபிஎம்மாகக் காட்டும் எச்சரிக்கைக் கருவி, வரம்பைப்போல் நூறு மடங்கு வாயு இருந்தாலும் பூஜ்யம் என்றே காட்டும்.