மருமகள் உடைத்தால் பொன்குடமா? அமெரிக்க வலதுசாரி வேட்பாளர்களை விமர்சிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒஹையோ மாநிலம் வாண்டேலியாவில் முதல் நாள் டிரம்ப் பேசியது ஏஜென்சி காப்பியாக வந்திருந்தது. தான் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் ரத்தக்களரி ஆகும் என்று அவர் எச்சரித்ததாக முதல் வரி. பத்தே நிமிடத்தில் தமிழாக்கி, 'தோற்றால் ரத்த ஆறு ஓடும்: டிரம்ப் மிரட்டல்' என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச்சின் வீடியோவைப் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தது கார் தொழிலைப் பற்றி. சீன நிறுவனங்கள் மெக்சிகோவில் ஆலை கட்டி அமெரிக்காவில் கார் விற்கப் பார்க்கின்றன, அந்தக் கார்களுக்கு 100 சதவீத வரி போடுவேன், நான் வராவிட்டால் ரத்தக்களரிதான், நாட்டுக்கே ரத்தக்களரி என்று போகிறது பேச்சு. அவர் சொன்ன ஆங்கிலச் சொல் 'பிளட்பாத்'. ஆங்கிலத்தில் பங்குச் சந்தை சரிந்தாலும், ஆயிரக்கணக்கில் வேலை போனாலும் இதே சொல்லைச் சொல்வார்கள். தமிழில் ரத்த ஆறு என்றால் வெட்டுக்குத்து மட்டும்தான். ஆகவே என் தலைப்பு இரண்டு மடங்கு தப்பு. காரையும் காணோம், சொல்லின் எடையும் மாறிவிட்டது.

அந்தப் பேச்சில் மிரட்டலின் வாடை இருந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. 2021 ஜனவரி 6 கலவரத்துக்காகச் சிறையிலிருப்பவர்களைப் பிணைக்கைதிகள் என்று சொல்லித்தான் அந்தக் கூட்டமே தொடங்கியது. அவர்களுக்கு அது ஒரு சான்று. வாதிடட்டும். ஆனால் அப்படி வாதிடுபவர் காரையும் சேர்த்து எழுதிவிட்டு வாதிட வேண்டும். நான் தலைப்பை மாற்றினேன். அதற்குள் பழைய தலைப்பின் ஸ்கிரீன்ஷாட் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியா விவாத மேடையில் கமலா ஹாரிஸ் அதே வரியை, அதே மாதிரி கார் இல்லாமல், டிரம்பின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். டிரம்ப்பைப் பல முறை திருத்திய நெறியாளர்கள் இருவரும் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

குடியரசுக் கட்சியின் அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு. இதை எழுத அதுவும் ஒரு காரணம். பிடிக்காத மனிதருக்கு நியாயம் செய்வதுதான் கடினம். பிடித்தவருக்கு அதைச் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கலும் உண்டு. ஹாரிஸின் தாய்வழிக் குடும்பத்து ஊர் என்று துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி, கோயிலில் பூஜை செய்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பாசத்தில் தவறில்லை. செய்தி எழுத உட்காரும்போது அது நம்மோடு உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாக்கியத்தின் தலையை, வாலை வெட்டுவது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டெர்ரி என்ற ஊரில், குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்னிடம், இராக்கில் அமெரிக்கப் படை 50 ஆண்டுகள் இருக்கலாம் என்கிறாரே புஷ் என்று ஒருவர் கேட்டார். 100 ஆண்டுகள்கூட இருக்கலாம் என்றார் மெக்கெய்ன். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இருப்பதைப் போல, நம் வீரர்கள் சாகாமல், காயப்படாமல் இருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சேர்த்தே சொன்னார். பிரசார விளம்பரங்களில் 100 ஆண்டு மட்டும் மிஞ்சியது. '100 ஆண்டு போர் கேட்கும் கிழவர்' என்ற சித்திரம் அதிலிருந்துதான் எழுந்தது. நிரந்தரப் படைத்தளம் வைப்பது சரியா என்று அவரை உலுக்கியிருக்கலாம், அது நியாயமான கேள்வி. அதை விட்டுவிட்டு அவர் சொல்லாத போருக்குப் பதில் கேட்டார்கள்.

நான்கே ஆண்டில் கத்தரிக்கோல் கை மாறியது. 2012 ஜூலையில் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் ஒபாமா, சாலைகளையும் பாலங்களையும் யாரோ போட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு, தொழில் வைத்திருப்பவர்களைப் பார்த்து 'அதை நீங்கள் கட்டவில்லை' என்றார். குடியரசுக் கட்சி சாலையையும் பாலத்தையும் வெட்டிப்போட்டு, 'நாங்கள்தான் கட்டினோம்' என்பதைத் தன் டாம்பா மாநாட்டு முழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. மெக்கெய்னுக்கு நடந்தது அநியாயம் என்றால் இதுவும் அநியாயம். இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் நடுநிலை பேசக் கூடாது.

2008-இல் மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் விஷயத்தில் வெட்டக்கூட இல்லை. 'என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்' என்று அவர் சொல்லவே இல்லை. 2008 செப்டம்பரில் டினா ஃபே என்ற நடிகை தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் பேலினாக நடித்துச் சொன்ன வசனம் அது. அலாஸ்கா நிலத்திலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்பதுதான் பேலின் சொன்னது, அது பூகோளப்படி சரியும்கூட.

தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பது

1964-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். தீவிர வலதுசாரி. ஃபேக்ட் என்ற பத்திரிகை நாட்டிலுள்ள 12,356 மனநல மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியது: அதிபராக இருக்க கோல்ட்வாட்டர் மனரீதியாகத் தகுதியானவரா? 2,417 பேர் பதில் போட்டார்கள். 1,189 பேர் தகுதி இல்லை என்றார்கள். அவர்களில் யாரும் அவரை நோயாளியாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்து அந்தப் பதிலை எழுதவில்லை. செய்தித்தாளில் படித்ததையும் டிவியில் பார்த்ததையும் வைத்து நோய்ப் பெயர் எழுதினார்கள். பத்திரிகை அதை அட்டைப்படச் செய்தியாக்கியது.

கோல்ட்வாட்டர் தேர்தலில் படுதோல்வி அடைந்தார். ஆனால் அவதூறு வழக்கில் வென்றார். 1968-இல் ஜூரி 75,000 டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காமல், அனுமதி பெறாமல் பொது வாழ்க்கையில் இருப்பவரைப் பற்றி மருத்துவக் கருத்துச் சொல்லக் கூடாது என்று நெறி வகுத்தது. இன்றும் அதற்கு கோல்ட்வாட்டர் விதி என்றுதான் பெயர்.

மருத்துவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் நமக்கு? டிரம்ப் பற்றி எழுதும்போது 'மனநோயாளி', 'பைத்தியம்' என்று தட்டச்சு செய்யக் கை துறுதுறுக்கிறது. பைடன் மேடையில் தடுமாறியபோது 'டிமென்ஷியா' என்று எழுதியவர்களும் இதே தவறைச் செய்தார்கள். என்ன சொன்னார், என்ன செய்தார், எங்கே தடுமாறினார் என்று எழுதினால் போதும். அணுகுண்டைப் பற்றி கோல்ட்வாட்டர் சொன்னவை அவரை எதிர்ப்பதற்குத் தாராளமாகவே போதுமானவையாக இருந்தன. அதற்கு நோய்ப் பெயர் தேவைப்படவில்லை.

உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை

2004 செப்டம்பர் 8. அதிபர் ஜார்ஜ் புஷ் மறுபடி நிற்கும் தேர்தலுக்கு இரண்டு மாதம். வியட்நாம் போர்க் காலத்தில் அவர் டெக்சாஸ் விமானப் படைக் காவல் பிரிவில் ஒழுங்காகப் பணி செய்யவில்லை, மேலிடச் சிபாரிசில் தப்பித்தார் என்று காட்டும் சில குறிப்புத் தாள்களை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வாசித்தவர் டான் ராதர், அந்த நாட்டின் மிக மூத்த செய்தியாளர்களில் ஒருவர். தாள்கள் 1970-களின் தொடக்கத்தில் டைப் அடிக்கப்பட்டவை என்று சொல்லப்பட்டது.

சில மணி நேரத்திலேயே சாதாரண வாசகர்கள் எழுத்துருவைப் பார்த்துச் சந்தேகம் கிளப்பினார்கள். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறியது. எண்ணுக்குப் பக்கத்தில் மேலே தூக்கிய சிறு எழுத்து இருந்தது. கணினியில் வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்து அதே வரிகளை அடித்தால் அப்படியே வந்தது. எழுதியதாகச் சொல்லப்பட்ட அதிகாரி 1984-லேயே இறந்துபோயிருந்தார். கையில் அசலும் இல்லை, நகல்தான். செப்டம்பர் 20 அன்று, தாள்கள் அசல் என்று நிரூபிக்க முடியவில்லை என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. நான்கு பேர் பதவி இழந்தார்கள். அடுத்த மார்ச்சில் ராதர் செய்தி வாசிப்பு நாற்காலியை விட்டு இறங்கினார்.

விசாரித்த குழு, இதற்கு அரசியல் சாய்வுதான் காரணம் என்று முடிவு கட்டவில்லை. முந்திக்கொள்ளும் அவசரத்தைத்தான் குற்றம் சொன்னது. எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் அவசரத்துக்கும் ஒரு திசை உண்டு. நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கதை வரும்போதுதான் சரிபார்க்கும் கை தளர்கிறது. இதில் பெரிய நஷ்டம் வேறு. புஷ்ஷின் பணிக் காலத்தைப் பற்றிக் கேட்க நியாயமான கேள்விகள் இருந்தன. அந்தத் தாள்களோடு அவையும் புதைந்துபோயின. பொய்ச் சான்று ஒன்று நுழைந்தால் மெய்ச் சான்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

நீதிமன்றச் செய்தியில் சொல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023-இல் நியூயார்க் சிவில் வழக்கில் டிரம்ப் பாலியல் அத்துமீறலுக்குப் பொறுப்பு என்று ஜூரி சொன்னது. வல்லுறவு என்று தீர்ப்புத் தாளில் டிக் செய்யவில்லை. பேச்சு வழக்கில் அது வல்லுறவுதான் என்று நீதிபதி பிறகு விளக்கினார். ஆனாலும் 2024 மார்ச்சில் ஏபிசி நெறியாளர் ஜார்ஜ் ஸ்டெபனோபோலஸ் தீர்ப்பே வல்லுறவு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டிரம்ப் அவதூறு வழக்குப் போட்டார். அந்த டிசம்பரில் 1.5 கோடி டாலர் கொடுத்து ஏபிசி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. ஜூரி சொன்னதே கடுமையான தீர்ப்பு. அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

புகார் சொல்பவர்கள் செய்யும் தவறு

'ஊடகங்கள் எங்களுக்கு ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கின்றன' என்று குடியரசுக் கட்சியினர் சொல்வது பழைய புகார். 1962-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் தோற்ற நிக்சன், இனி என்னை உதைக்க உங்களுக்கு வாய்ப்பில்லை என்று நிருபர்களிடமே சொன்னார். புகாரில் உண்மை இருக்கிறது. 2016-இல் அதிகம் விற்கும் 100 நாளிதழ்களில் தலையங்கம் எழுதி டிரம்ப்பை ஆதரித்தவை இரண்டு. ஹிலாரியை ஆதரித்தவை 57. ஆனால் இதைச் செய்திப் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது தப்பு. தலையங்கத்தில் ஹிலாரியை ஆதரித்த நியூயார்க் டைம்ஸ்தான் 2015 மார்ச்சில் அவருடைய தனி மின்னஞ்சல் விவகாரத்தையே வெளியே கொண்டுவந்தது.

மாமியார் குடம், மருமகள் குடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அது இரட்டை அளவுகோல். ஒரு குடத்தை மட்டும் காட்டினால் அது வெறும் வருத்தம். முன்னாள் துணை அதிபர் அல் கோர் 'இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தேன்' என்று சொன்னதாக இன்றுவரை கேலி நடக்கிறது. 1999-இல் அவர் சொன்னது, இணையத்தை உருவாக்குவதில் முன்முயற்சி எடுத்தேன் என்பதுதான். 2004-இல் அயோவாவில், அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன் ஆதரவாளர் கூட்டத்தில் போட்ட கூச்சலை டிவிக்கள் நூற்றுக்கணக்கான முறை ஓட்டின. மைக் அரங்கின் இரைச்சலை வடிகட்டி அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டதால் அப்படிக் கேட்டது. இருவரும் ஜனநாயகக் கட்சியினர். கேலிக்கு ஆள் கிடைத்தால் கட்சி பார்க்காத பழக்கமும் அந்த ஊடகங்களுக்கு உண்டு.

எண்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கேளுங்கள். ஹார்வர்டின் ஷோரன்ஸ்டீன் மையம் 2016 செய்திகளை அலசியது. இறுதிக் கட்டப் பிரசாரத்தில் டிரம்ப் பற்றிய செய்திகளில் 77 சதவீதம் எதிர்மறை, ஹிலாரிக்கு 64. இதை மட்டும் சொன்னால் டிரம்ப்புக்கு அநீதி. உட்கட்சித் தேர்தல் தொடங்கி முழு ஓட்டத்தையும் எடுத்தால் ஹிலாரிக்கு 62, டிரம்ப்புக்கு 56. இதை மட்டும் சொன்னால் ஹிலாரிக்கு அநீதி. இரண்டும் ஒரே மையத்தின் எண்கள்.

எனக்குக் கனமாகப் படும் புகார் வயது பற்றியது. 1984 அக்டோபர் 7 அன்று லூயிவில் விவாதத்தில் ரீகன் தடுமாறினார். அவருக்கு 73. இரண்டே நாளில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவர் வயதைக் கேள்வியாக்கியது, அடுத்த விவாத மேடையிலும் அது கேட்கப்பட்டது. பைடனுக்கு 81 ஆகியும், 2024 ஜூன் 27 விவாதத்தை நாடே பார்க்கும்வரை பெரிய ஊடகங்கள் பலவும் அடக்கியே வாசித்தன. அந்த மாதத் தொடக்கத்தில் இதே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியபோது அதன்மீதுதான் பாய்ச்சல் நடந்தது. ஒரே கேள்வி, ஒரே பதவி, இரண்டு மனிதர்கள். புகார் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சம மதிப்பெண் கேட்பது

அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் மதிப்பெண்ணும் ஒன்றாக வர வேண்டும் என்பதில்லை. ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் அதே பிலடெல்பியா மேடையில் சொன்னபோது நெறியாளர் திருத்தியது சரி. அதற்கு ஈடாக ஹாரிஸையும் எங்காவது குட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் ரத்தக்களரி வரியை விட்டது தப்பு. திருத்துவது என்று இறங்கினால் திருத்த வேண்டிய இடத்திலெல்லாம் திருத்த வேண்டும்.

பிற்பாடு ஒருவர் சொன்னது சரி என்று தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். 2012 மார்ச்சில், குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட மிட் ரோம்னி, புவிசார் அரசியலில் அமெரிக்காவின் முதல் எதிரி ரஷ்யா என்றார். அக்டோபர் 22 விவாதத்தில் ஒபாமா, 1980-கள் தங்கள் வெளியுறவுக் கொள்கையைத் திருப்பிக் கேட்டு அழைக்கின்றன என்று சொல்லி அவரை மடக்கினார். உலகமே அந்த வரியைக் கொண்டாடியது. 2014-இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட், நாடாளுமன்றக் குழு முன்பு, ரோம்னியிடம் நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவள் என்றார்.

2012-இல் அந்த விவாதத்தைத் தமிழில் எழுதியவர்களில் நானும் ஒருவன். கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது. தலைப்பில் ஒபாமாவின் 1980-கள் வரி. 'தேசப் பாதுகாப்புக்கு மிகப் பெரிய ஆபத்து ஈரான் என்றும் அதே பேச்சிலேயே சொன்னேன், ஆனால் புதின் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்' என்று ரோம்னி அங்கேயே கொடுத்த பதில் ஐந்து பத்திச் செய்தியில் எங்கும் இல்லை.