சீசன் டிக்கெட் பெட்டி வந்த அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் அந்த அட்டைப்பெட்டி இருக்கும். மேலே எங்கள் பேஸ்பால் அணியின் சின்னம், ஓரத்தில் என் பெயர். 14 வருடங்களாக இரண்டு இருக்கைகளுக்குச் சீசன் டிக்கெட், அதாவது அணி சொந்த மைதானத்தில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்கும் டிக்கெட், வைத்திருக்கிறேன். மேல் அடுக்கு, முதல் பேஸ் பக்கம், 7ஆவது வரிசை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து பணம் போடுகிறோம். கணக்கு என் பெயரில் இருப்பதால் பெட்டி என் வீட்டுக்கு வருகிறது. இங்கே அமெரிக்காவில் முதல் முறையாக ஒரு பேஸ்பால் அணியிடம் சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு, "இதில் எதை வைத்துக்கொள்வது, எதை எப்போது பயன்படுத்துவது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஃபோனில் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, பெட்டியை அன்றைக்கே பிரித்துவிடுவது. எங்கள் கணக்கைப் பார்க்கும் டிக்கெட் பிரதிநிதி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒரு வருடம் நான் மூன்று வாரம் கழித்துத்தான் சரிபார்த்தேன். இரண்டு இருக்கைக்கு இரண்டு சட்டைப்பின் வர வேண்டும், ஒன்றுதான் இருந்தது. கூப்பிட்டபோது கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடப் பின் இன்றைக்கும் ஒன்றுதான் இருக்கிறது. அதை யார் வைத்துக்கொள்வது என்று நான்கு வீட்டிலும் பேச வேண்டியதாகிவிட்டது. குறை இருந்தால் அதே வாரத்தில் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

பெட்டிக்குள் என்ன வரும் என்பது அணிக்கு அணி மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். முன்பெல்லாம் டிக்கெட்டுகளே பெட்டியின் உயிர். சொந்த மைதானத்தில் நடக்கும் 81 உள்ளூர் ஆட்டங்களுக்கும் 81 டிக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் படம், புத்தகம் மாதிரி கட்டியோ, துளையிட்ட தாள்களாகவோ வரும். இப்போது டிக்கெட் பெரும்பாலும் ஃபோனுக்குள் போய்விட்டது. பெட்டியில் மிஞ்சுவது உறுப்பினர் அட்டை, கழுத்தில் மாட்டும் பட்டை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த அட்டவணை, சட்டைப்பின், தொப்பி அல்லது கம்பளி, சில அணிகளில் ஒரு தலையாட்டி பொம்மை, அப்புறம் அணி நிர்வாகத் தலைவரின் கையெழுத்து அச்சிட்ட கடிதம். பணம் கொடுத்திருந்தால் கார் நிறுத்தும் அனுமதிச்சீட்டும் இருக்கும்.

இவற்றை நான் இரண்டாகப் பிரிக்கிறேன்: தேதி போட்டது, தேதி போடாதது. பயிற்சி நேரத்தில் மைதானத்துக்குள் இறங்கிப் பார்க்கும் அழைப்பு, வீரர்களிடம் கையெழுத்து வாங்கும் நாள், கடையில் தள்ளுபடிக் குறியீடு, கூடுதல் டிக்கெட்டுக்கான கூப்பன், இவையெல்லாம் தேதி போட்டவை. எல்லாத் தேதியையும் அன்றைக்கே நாட்காட்டியில் ஏற்றிவிடுகிறேன். நம் பணத்தில் ஒரு பங்கு இந்தச் சலுகைகளுக்கும்தான் போகிறது. தொப்பி எங்கேயும் ஓடிவிடாது. ஏப்ரல் கடைசியில் முடியும் கூப்பன் முடிந்தால் முடிந்ததுதான்.

அடுத்து ஃபோன். எம்.எல்.பி. (மேஜர் லீக் பேஸ்பால்) நடத்தும் பால்பார்க் செயலியில் உங்கள் சீசன் டிக்கெட் கணக்கின் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள். வேறு மின்னஞ்சல் கொடுத்தால் டிக்கெட் ஒன்றும் தெரியாது. பதறிப்போய்க் கூப்பிடும் நண்பர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். எத்தனை ஆட்டம், எந்த இருக்கை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே டிக்கெட்டை ஃபோனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் 30,000 பேர் நிற்கும்போது நெட்வொர்க் நத்தை மாதிரி நகரும். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பல மைதானங்களில் அது செல்லாது. வேறு யாராவது போவதாக இருந்தால் செயலி வழியாகவே அவர் பெயருக்கு மாற்றுங்கள், அவர் ஏற்றுக்கொண்டாரா என்றும் பாருங்கள்.

சரி, பங்கு பிரிப்பது. சேர்ந்து வாங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை. 81 ஆட்டத்தை நான்கால் வகுத்தால் ஆளுக்கு 20, மீதி 1. அந்த மீதி ஒன்றை எங்கள் வீடுகளில் சீசனின் முதல் நாள் ஆட்டத்துக்கு வைத்துவிட்டோம். எல்லோரும் கேட்பது அதைத்தான், அதனால் அது சுழற்சியில் வரும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும். மீதி 80 ஆட்டத்துக்கு, பெட்டி வந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடுவோம். சீட்டுக் குலுக்கி வரிசை எடுத்து, முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்றும், அடுத்த சுற்றில் 4, 3, 2, 1 என்றும் தேர்ந்தெடுப்போம். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். யாருக்கும் மனக்குறை வராது. காந்த அட்டவணையை நடுவில் வைத்து, வீட்டுக்கு ஒரு நிறத்தில் வட்டம் போடுவோம். கடைசியில் அதை ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், ஆகஸ்டில் யாரும் சண்டை போட மாட்டார்கள்.

ஆனால் ஆட்டத்தைப் பிரிக்கும்போதே பரிசுப்பொருளையும் பிரித்துவிடுங்கள். மைதானத்தில் தலையாட்டி பொம்மை இலவசமாகக் கொடுக்கும் நாள் எது என்று அட்டவணையிலேயே போட்டிருக்கும், அந்த நாளுக்குத்தான் போட்டி. என் மகள் எட்டு வயதில் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, எந்த அணி வருகிறது என்று பார்க்காதீங்க, பொம்மை எப்போது என்று பாருங்க," என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு முதல் தேர்வு அவளுடையதுதான். பெட்டியில் வரும் பொருட்களுக்கு எங்கள் விதி எளிது: இரண்டு தொப்பி வந்தால் இந்த வருடம் இரண்டு வீட்டுக்கு, அடுத்த வருடம் வருவது மற்ற இரண்டு வீட்டுக்கு. கணக்கு என் பெயரில் இருப்பதால் எனக்குக் கூடுதல் உரிமை கிடையாது. இதை முதல் வருடமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பொம்மையைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் தஞ்சாவூர்ப் பொம்மையின் தூரத்து உறவு இது. இங்கே கழுத்தில் ஒரு சுருள்கம்பி. பேஸ்பால் மைதானங்களில் இன்றைக்கு நடக்கும் பொம்மைத் திருவிழாவுக்குத் தொடக்கம் என்று சொல்லப்படுவது, 1999 மே 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி தன் மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கொடுத்த, அந்த அணியின் பழைய நட்சத்திர வீரர் வில்லி மேஸின் பொம்மை. இப்போது மில்வாக்கியில் தலையாட்டி பொம்மைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பல அணிகள் முதலில் வரும் இத்தனை ஆயிரம் பேருக்கு என்றுதான் கொடுக்கும். சில அணிகள் சீசன் டிக்கெட்காரர்களுக்குத் தனியாக எடுத்து வைக்கும். உங்கள் அணி எந்த ரகம் என்று பிரதிநிதியிடம் கேட்டுவிடுங்கள். எடுத்து வைப்பார்கள் என்றால் வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பொம்மையை வைக்கும் முறை இருக்கிறது. உள்ளே வந்த வெள்ளைத் தெர்மாகோல் அச்சை எறியாதீர்கள். வீடு மாறும்போது தலையையும் உடம்பையும் தனித்தனியாகத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பொம்மையைத் தூக்கும்போது தலையைப் பிடிக்காமல் அடிப்பீடத்தைப் பிடியுங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் சட்டையின் சிவப்பு இரண்டு கோடையில் வெளுத்துவிடும். கையோ மட்டையோ உடைந்தால் இரண்டு குழாய்களாக வரும் எபாக்ஸி பசையை ஒரு பல்குச்சி முனையில் தொட்டு ஒட்டி, ஒரு இரவு அசைக்காமல் விடுங்கள். என்னிடம் இருக்கும் 31 பொம்மைகளில் நான்கு அப்படி ஒட்டியவை, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இனி காகிதம். எனக்கு மனம் ஒட்டியிருப்பது இங்கேதான்.

உங்கள் அணி இன்னும் அச்சிட்ட டிக்கெட் அனுப்பினால், அல்லது நினைவுக்காகத் தனியாக அச்சிட்டுத் தந்தால், அதைக் கண்ணும் கருத்துமாக வையுங்கள். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். 20ஆம் நூற்றாண்டின் மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் வைத்திருந்த நிறத்தடை அன்றைக்கு உடைந்தது. அந்த ஆட்டத்தின் கிழித்த டிக்கெட் துண்டு ஒன்று 2022இல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. பணத்துக்காக வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் துண்டை ஒருவர் அன்றைக்குச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அதனால்தான் அது இன்றைக்கு இருக்கிறது.

நடக்காத ஆட்டங்களின் டிக்கெட்டையும் எறியாதீர்கள். 1964இல் பிலடெல்பியா ஃபில்லீஸ் அணி 12 ஆட்டங்கள் மீதமிருக்கும்போது பட்டியலில் அடுத்த அணியைவிட ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அடுத்து வரிசையாகப் பத்துத் தோல்வி. சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடருக்கான டிக்கெட்டுகள் அதற்குள் அச்சாகிவிட்டன. ஆட்டம் நடக்கவில்லை, டிக்கெட் மட்டும் இருக்கிறது, அதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. என்னிடம் 2020ஆம் ஆண்டுத் தாள்கள் கிழிக்காமல் இருக்கின்றன. அந்த வருடம் கொரோனாவால் சீசன் 60 ஆட்டமாகச் சுருங்கியது, அதுவும் வழக்கமான சீசன் முழுக்க ஆளில்லாத மைதானத்தில். பணம் அடுத்த வருடக் கணக்கில் வரவாகிவிட்டது. தாள்களைப் பார்த்தால் அந்த வசந்த காலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்தது ஞாபகம் வருகிறது.

வைக்கும் முறை இது: லாமினேட் செய்யவே கூடாது, செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. செல்லோடேப் கூடாது; சில வருடத்தில் மஞ்சள் கறை விட்டுவிடும். பி.வி.சி. இல்லாத தெளிவான உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கையாக வையுங்கள். மைதான ஜன்னலில் அச்சடித்துத் தரும் வழவழப்பான டிக்கெட் பெரும்பாலும் வெப்பத்தில் கருக்கும் தாள். கார் முகப்பில் ஒரு மதியம் கிடந்தால் போதும், எழுத்து போய்விடும். பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம். படுக்கையறை அலமாரிதான் நல்ல இடம்.

செயலியில் மட்டுமே டிக்கெட் வரும் அணி என்றால்? நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஸ்கோர் அட்டை வாங்கி, பென்சிலால் ஆட்டத்தைக் குறிக்கிறேன். பின்பக்கத்தில் தேதி, இருக்கை எண், யாரோடு போனேன், வெயிலா மழையா என்று எழுதி அதே பெட்டியில் சேர்க்கிறேன். என் மகள் முதல் முறையாக ஒரு ஃபவுல் பந்தை (எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிபட்டு எங்கள் பக்கம் வந்த பந்தை) கையில் பிடித்த ஆட்டத்துக்கு என்னிடம் இருப்பது அந்த அட்டைதான்.

மழை என்றதும் ஒன்று. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்தால்தான் முழு ஆட்டமாகக் கணக்கு. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நான்கரை போதும். அதற்கு முன் மழை நிறுத்திவிட்டால் டிக்கெட் செத்துவிடாது. மாற்றுத் தேதி என்ன, உங்கள் டிக்கெட் அதற்குச் செல்லுமா என்று செயலியில் அறிவிப்பு வரும்வரை எதையும் அழிக்காதீர்கள், கிழிந்த துண்டாக இருந்தாலும்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு கடிதம் வரும், பெட்டியில்லாமல். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் அடுத்த சுற்று ஆட்டங்களுக்கான பில். முதலில் பார்க்கும்போது தொகை மிரட்டும், ஏனென்றால் நடக்கக்கூடிய எல்லா உள்ளூர் ஆட்டத்துக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். நேராக இரண்டாம் சுற்றுக்குப் போகும் முன்னணி அணிக்கு அந்தச் சுற்றில் அதிகபட்சம் 3, மூன்றாம் சுற்றில் 4, உலகத் தொடரில் 4, ஆக 11 ஆட்டம். நடக்காத ஆட்டத்தின் பணம் திரும்பும். ஆனால் அது கையில் வருமா, அடுத்த வருடக் கணக்கில் வரவாகுமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்றும் குறிக்காமல் விட்டால் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். எங்கள் நான்கு வீட்டிலும் ஒருவர் வேறு ஊருக்கு மாறப்போகிறார் என்றால் அந்த வருடம் பணமாகக் கேட்டுவிடுவோம். கடைசித் தேதி கறாரானது. தவறவிட்டால் உங்கள் இருக்கையே பொது விற்பனைக்குப் போகும்.

அப்புறம் புதுப்பிப்பு. பல அணிகளில் கணக்கு தானாகவே புதுப்பிக்கப்படும்; வேண்டாம் என்றால் நாம்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் முன் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேட்பேன்: இருக்கை விலை எவ்வளவு ஏறியிருக்கிறது, தவணையாகக் கட்டலாமா, வேறு இருக்கைக்கு மாற விரும்புகிறவர்களை அழைக்கும் நாள் எப்போது. அந்த நாளில் மைதானத்துக்கே போய், காலியான இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுவார்கள். எங்கள் 7ஆவது வரிசை அப்படிக் கிடைத்ததுதான். அதற்கு முன் 19ஆவது வரிசையில் இருந்தோம். அங்கே உயரே போகும் பந்தைக் கூரை மறைத்துவிடும்.

கேட்ட பதில்களை மற்ற மூன்று வீட்டுக்கும் அனுப்பி, நான்கு பேரும் "சரி" என்று எழுதிய பிறகுதான் முன்பணம் கட்டுகிறேன். கட்டும்போதே பெட்டி வர வேண்டிய முகவரியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வீடு மாறியிருந்தால் மார்ச் மாதம் அது பழைய வாசலுக்குப் போய் நிற்கும்.