பின்சீட்டில் இருப்பவருக்குக் கதவு திறக்கத் தெரியுமா?

கோடை சீசனில் கல்லாறு தாண்டி ஊட்டி மலை ஏறும் வண்டிகளில் மின்சாரக் கார்களின் பச்சை நம்பர் பிளேட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: ஏறும்போது சார்ஜ் எவ்வளவு குறையும், இறங்கும்போது, வேகம் குறைகையில் சார்ஜைத் திரும்ப ஏற்றும் ரீஜெனை எதில் வைப்பது, குன்னூரில் சார்ஜர் எங்கே இருக்கிறது. கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் ஆரம்பத்தில் கேட்காமல் விட்டவர்கள்தான். அதே தவறுகள் புது ஓட்டுநர்களிடம் அப்படியே தொடர்வதால்தான் இந்தக் குறிப்பு. சீட் பெல்ட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் இதில் வராது.

கைப்பிடியையும் லாட்சையும் ஒன்றென நினைப்பது

"கதவு எலக்ட்ரிக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அதில் இரண்டு சங்கதிகள் உண்டு.

ஒன்று, கதவோடு கதவாகப் படுத்திருந்து, சாவியோடு பக்கத்தில் போனால் வெளியே எட்டிப் பார்க்கும் கைப்பிடி. அதை வெளியே தள்ளுவது மட்டும்தான் மோட்டாரின் வேலை. இழுத்தால், கதவை மூடிப் பிடித்திருக்கும் கொக்கியான லாட்சைத் திறப்பது பழைய கேபிளேதான். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 இந்த ரகம். மின்சாரம் இல்லாதபோது கைப்பிடியின் முன் நுனியை அமுக்கினால் பின் நுனி தூக்கிக்கொள்ளும். கதவு பூட்டாமல் இருந்தால் பிடித்து இழுத்துத் திறக்கலாம்.

இன்னொன்று, லாட்சே மின்சாரத்தில் இயங்குவது. டெஸ்லா கார்கள் இந்த ரகம். உள்ளே பட்டனை அமுக்கினால் சிக்னல் போய், லாட்சுக்குள் இருக்கும் குட்டி மோட்டார் கொக்கியை விடுவிக்கும். பட்டனுக்கும் கொக்கிக்கும் நடுவே கேபிள் கிடையாது. கையால் திறக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக வேறொரு நெம்பு இருக்கும், இல்லாமலும் போகலாம்.

உங்கள் கார் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, நின்ற வண்டியில் உள் கைப்பிடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கக் கை கனத்து, கடைசியில் 'டக்' என்று விட்டால் கேபிள். கை லேசாக நகர்ந்ததுமே உள்ளே மோட்டார் முனகிக் கதவு தானாக விலகினால் மின் லாட்ச்.

அந்த மோட்டாருக்கு மின்சாரம் வருவது அடியில் இருக்கும் பெரிய பேட்டரியிலிருந்து அல்ல. சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. பலமாக மோதியதும் ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிடும், அதுதான் சரியும்கூட. அந்த நொடியிலிருந்து 12 வோல்ட்டுக்கு சார்ஜ் ஏறாது. அந்தச் சின்ன பேட்டரி பல கார்களில் முன் பானெட்டுக்குள், மோதலில் முதலில் நசுங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

டிரைவருக்குத் தெரிந்தால் போதும் என்று விடுவது

இதுதான் மிக விலை உயர்ந்த தவறு. எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் மாறாமல் இருப்பதும் இதுவே.

வழக்கமான காட்சி: முன்னால் கணவனும் மனைவியும். பின்னால் அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை. ஓட்டுபவரிடம் "கரண்ட் போனால் கதவை எப்படித் திறப்பீர்கள்?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே தன் பக்க நெம்பைத் தொட்டுக் காட்டுவார். "பின்னால் இருப்பவர்கள்?" என்றால், "நான் இறங்கித் திறந்துவிடுவேன்" என்பார். வண்டி குன்னூர் பக்கத்துக் காட்டேரி வளைவில் சாக்கடைக்குள் சாய்ந்து கிடக்கும்போது, ஸ்டியரிங்கில் நெஞ்சு இடித்தவர் இறங்கி வந்து திறப்பார் என்று பின்சீட்டின் மூன்று உயிரை அடகு வைக்கும் ஏற்பாடு இது.

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் முன்கதவின் கைநெம்பு, கண்ணாடி ஸ்விட்சுகளுக்கு முன்னால் கைக்கு எட்டும்படியே இருக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் போதும். பின்கதவில் அப்படியில்லை. மாடல் 3-இன் முதல் வண்டிகளில் பின்கதவுக்குக் கைநெம்பே கிடையாது. மாடல் ஒய்யில் கதவுப் பையின் அடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பை எடுத்து, அதற்குக் கீழே உள்ள சிறு மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் கேபிளை முன்பக்கமாக இழுக்க வேண்டும். எல்லா மாடல் ஒய்களிலும் அதுவும் இல்லை. மாடல் எஸ்-இல் அது பின்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டுக்கு அடியில். மாடல் எக்ஸில் ஸ்பீக்கர் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். புகை சூழ்ந்த வண்டிக்குள் எழுபது வயதுக்காரர் ஸ்பீக்கர் மூடியைக் கழற்றுவார் என்று எந்தப் பொறியாளர் நம்பினாரோ.

அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் 2021-ஆம் ஆண்டு மாடல் ஒய் கார்களின் கதவுகள்மேல் விசாரணை தொடங்கியதற்குக் காரணமும் பின்சீட்டுதான். விபத்துகூட இல்லை. குழந்தையைப் பின்சீட்டில் ஏற்றிய பெற்றோர், 12 வோல்ட் பேட்டரியில் வோல்டேஜ் குறைந்ததால் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியாமல் நின்றார்கள். வந்த 9 புகார்களில் 4 பேர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். சீனா ஒருபடி மேலே போய், 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் கதவுகளுக்கு உள்ளும் வெளியும் கையால் திறக்கும் வழி இருந்தே ஆக வேண்டும் என்று விதித்துவிட்டது. நம் நாட்டுக் கார்களுக்கான மோதல் சோதனை விதியான ஏஐஎஸ் 098-உம் மோதலுக்குப் பிறகு எந்தக் கருவியும் இல்லாமல் ஒவ்வொரு சீட் வரிசைக்கும் ஒரு கதவாவது திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆனால் அந்தச் சோதனை மணிக்கு 56 கிலோமீட்டரில், சமதளத்தில், தடுப்பின்மேல் முன்பக்கம் மோதி நடப்பது. தேயிலைச் சரிவில் இரண்டு முறை உருண்டு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நிற்கும் வண்டிக்கு அது உத்தரவாதம் தராது.

இதன்மேல் சைல்ட் லாக் வேறு. பல கார்களில் பின்கதவின் ஓரத்தில், கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் சின்ன நெம்பு அது. போட்டுவிட்டால் உள் கைப்பிடி சாதாரண கேபிள் வகையாக இருந்தாலும் வேலை செய்யாது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். வெளிக் கைப்பிடியோ கதவுக்குள் படுத்திருக்கிறது. குழந்தைக்காக இரண்டு பக்கமும் பூட்டியதில் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து பூட்டப்பட்டிருப்பது யாருக்கும் உறைப்பதில்லை. குழந்தை உட்காரும் பக்கம் மட்டும் போடுங்கள். மறுபக்கம் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், அவர் கதவு திறக்கும்படி இருக்கட்டும்.

மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் ஐந்து நிமிடம் போதும். வண்டியை 'பி' (பார்க்கிங்) நிலையில் போட்டு, எல்லோரும் அவரவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவிக் கைநெம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் போதாது, ஒருமுறை இழுத்துத் திறக்கவும் வேண்டும். சில கேபிள்களை இழுக்க நல்ல பலம் தேவை, முடக்குவாத விரலுக்கு அது வராது. கண்ணாடிக்கு மேல் சட்டமில்லாத கதவாக இருந்தால், கைநெம்பால் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்காமல் மேல் ரப்பரில் உரசும். அதனால் தினமும் அப்படித் திறக்கக் கூடாது. பயிற்சிக்கு ஒருமுறை திறக்கும்போது முதலில் ஸ்விட்சால் கண்ணாடியை இறக்கிவிட்டால் உரசலும் இல்லை. நெம்பின்மேல் ஒரு துண்டு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கதவுப் பைக்குள் வர்க்கி பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் திணிக்காதீர்கள். அதன் அடியில்தான் மூடி இருக்கலாம். கடையில் போட்ட 7டி மேட் (கால்மிதி விரிப்பு) கேபிளை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்கதவுக்குக் கைநெம்பே இல்லாத வண்டியா? அப்படியானால் நடக்கச் சிரமப்படுகிறவர் முன்சீட்டில். இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே புகுந்து வரக்கூடியவர் பின்சீட்டில். மரியாதைக்குப் பெரியவரைப் பின்னால் உட்காரவைக்கும் வழக்கம் இந்த வண்டியில் வேண்டாம்.

மோதியதும் முதல் வேலையாக வண்டியை ஆஃப் செய்வது

பெட்ரோல் வண்டியில் பழகிய கை சாவியைத்தான் தேடும். மின் லாட்ச் வண்டியில் வரிசை வேறு. 12 வோல்ட் உயிரோடிருக்கும் சில நிமிடங்கள்தான் உங்கள் கையில். முதலில் நான்கு கண்ணாடிகளையும் இறக்குங்கள். அடுத்து கதவுப் பூட்டைத் திறக்கும் ஸ்விட்ச். அதன்பிறகு 'பி', பார்க்கிங் பிரேக், ஆஃப். 'பி' போடாமல் இறங்காதீர்கள்; மின்வண்டி சத்தமில்லாமல் கியரில் நின்றுகொண்டிருக்கும், சரிவில் நகரவும் செய்யும். பட்டனை இரண்டு முறை அமுக்கியும் திறக்கவில்லையா? மூன்றாவது முறை வேண்டாம், கைநெம்புக்குப் போய்விடுங்கள். நெம்பு 'டக்' என்று விட்டும் கதவு நகரவில்லையென்றால் சட்டம் நெளிந்திருக்கிறது. சீட்டில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கால்களையும் லாட்ச் இருக்கும் ஓரத்தில் வைத்து உதைக்க வேண்டும். மலைப்பக்கக் கதவு மண்ணில் முட்டி நிற்கும், பள்ளப்பக்கக் கதவு காற்றில் திறக்கும். காலை வெளியே வைக்கும் முன் கீழே என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

எந்தக் கண்ணாடி என்று பார்க்காமல் சுத்தி வாங்குவது

கண்ணாடி உடைக்கும் சுத்தி, உடைந்தால் பொடித் துண்டுகளாகச் சிதறும் டெம்பர்டு கண்ணாடியில்தான் வேலை செய்யும். சத்தம் குறைவதற்காக இப்போது பல கார்களில் பக்கக் கண்ணாடியும், குறிப்பாக முன்பக்கம், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் வகையாக வருகிறது. அது விரிசல் விடும், விலகாது. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான டிரிபிள் ஏ 2019-இல் 6 கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை 4 உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை.

கண்ணாடியின் கீழ்மூலையில் சின்ன எழுத்தில் வகை அச்சிட்டிருக்கும். நான்கையும் படித்து, எது டெம்பர்டு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அடிக்க வேண்டிய இடம் நடுப்பகுதி அல்ல, கீழ்மூலை. ஓங்கி அடிக்க இடமில்லாத வண்டிக்குள் ஸ்பிரிங் வகைதான் உதவும். அதை டிக்கியில் வைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம்.

கண்ணாடி உடைக்க ஹெட்ரெஸ்ட் கம்பியை நம்புவது

நம்பாதீர்கள்.

கவிழ்ந்த வண்டியில் பெல்ட்டைச் சட்டென்று விடுவிப்பது

தலைகீழாகத் தொங்கும்போது உடல் எடை முழுவதும் பெல்ட்டில்தான். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களை டேஷ்போர்டில் அண்டக்கொடுத்த பிறகே விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் விழுவீர்கள். பக்கிள் இறுகியிருந்தால் அறுக்க வேண்டியதுதான். தோட்டத்திலிருந்து முதலில் ஓடி வருபவர்கள் கையில் பெரும்பாலும் கவாத்துக் கத்தி இருக்கும். நல்ல கருவி. தோளுக்கு மேலே பெல்ட் விறைத்து நிற்கும் இடத்தில், வெட்டுவாய் ஆளைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி வைத்துச் சாய்வாக அறுக்கச் சொல்லுங்கள்.

மழையில் கரண்ட் அடிக்கும் என்று தள்ளி நிற்பது

இது ஓட்டுபவரின் தவறல்ல, ஓடி வருபவர்களின் தவறு. ஜூலை மழையில் கூடலூர் பாதையில் மின்வண்டி கவிழ்ந்தால், தொட்டால் ஷாக் என்று பத்தடி தள்ளி நிற்பார்கள். பெரிய பேட்டரியின் இரண்டு முனைகளும் வண்டியின் உடலோடு இணைக்கப்படாமல் தனித்தே இருக்கின்றன. கதவையும் கைப்பிடியையும் தாராளமாகத் தொடலாம். தொடக் கூடாதவை இரண்டு: ஆரஞ்சு நிற ஒயர், கிழிந்து திறந்துகிடக்கும் பேட்டரிப் பெட்டி. வெளிக் கைப்பிடி வெளியே வரவில்லையென்றால் அதன் இரண்டு நுனிகளையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆள் இல்லாத பக்கத்துக் கண்ணாடி.

உறைபனி இரவில் வண்டியை மறப்பது

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். கார் கதவும் அப்படித்தான். படுத்திருக்கும் கைப்பிடியின் விளிம்பில் மெல்லிய பனிக்கோடு பிடித்து, மோட்டார் தள்ளினாலும் வராது. உள்ளங்கையால் சுற்றிலும் நான்கு தட்டு தட்டினால் பனி உதிரும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். குளிரில் பழைய 12 வோல்ட் பேட்டரியும் சோர்ந்துவிடும். மூன்று நாள் நிறுத்திய வண்டி காலையில் சாவிக்குப் பதில் சொல்லாவிட்டால், பல மாடல்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், டிரைவர் கதவில் மூடிக்குள் ஒரு துவாரமும். இரண்டையும் ஊரிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள்.

பையை எடுக்கத் திரும்புவது

வேண்டாம். அடியிலிருந்து சீறலோ பட்பட் சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால் நேரம் முடிந்தது. காற்று வரும் திசையில் நன்றாகத் தள்ளிப் போங்கள். கையடக்கத் தீயணைப்பான் ஆள் வெளியே வர வழி செய்யும். பேட்டரித் தீயை அணைக்காது. டெஸ்லாவின் மீட்புக் கையேடே 11,000 முதல் 30,000 லிட்டர் வரை தண்ணீர் கேட்கிறது. மலைப்பாதையில் அவ்வளவு தண்ணீர் வந்துசேர நேரமாகும். அதனால் 101-க்கும் 108-க்கும் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே "மின்சாரக் கார்" என்று சொல்லுங்கள், அடுத்தது கொண்டை ஊசி வளைவின் எண். "ஊட்டி போற வழியில்" என்று சொன்னால் எந்த வழி என்று கேட்பதிலேயே சிக்னல் போய்விடும்.

எரியவில்லை என்பதால் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளுவது

அடிபட்ட பேட்டரி சில மணி நேரம் கழித்தும் பற்றும், சில நாள் கழித்தும் பற்றும். மீட்டு வந்த வண்டியைக் கூரையில்லாத இடத்தில், சுற்றிலும் 50 அடி காலியாக விட்டு நிறுத்த வேண்டும். டீக்கடை சிலிண்டருக்குப் பக்கத்தில் அல்ல.