டகாலோக் வினைச்சொல்: முதலில் ‘அங்’ எங்கே என்று பாருங்கள்

பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக் படிக்கத் தொடங்கியபோது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘அங்’ என்ற சிறு சொல்லைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் எழுவாய் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன். பாதி வாக்கியங்கள் தலைகீழாகப் புரிந்தன. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: வேர்ச்சொல்லைப் பிடியுங்கள். ‘பிலி’ என்றால் வாங்கு. (இங்கே டகாலோக் சொற்களில் வரும் ப எல்லாம் ‘பாபு’வில் வரும் ப.) முதல் மெய்க்குப் பின்னால் ‘உம்’ நுழைந்தால் புமிலி, ‘இன்’ நுழைந்தால் பினிலி.

இரண்டாவது படி: அங் வரும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். செயலிகளை விட இதற்கு ஒரு நோட்டுதான் நல்லது. நான்கு வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

புமிலி அங் பபாயே நங் இஸ்தா.
பினிலி நங் பபாயே அங் இஸ்தா.
பினில்ஹன் நங் பபாயே நங் இஸ்தா அங் திந்தேரா.
இபினிலி நங் பபாயே நங் இஸ்தா அங் பாத்தா.

பபாயே பெண், இஸ்தா மீன், திந்தேரா கடைக்காரி, பாத்தா குழந்தை. இந்த வரிகளில் அங் பெறாத பெயர்களுக்கு முன்னால் ‘நங்’ நிற்கிறது. நான்கிலும் மீன் வாங்கியவள் அந்தப் பெண்தான். அங் பெற்றவர் வாங்கியவரா, வாங்கிய பொருளா, யாரிடம் வாங்கினாளோ அவரா, யாருக்காக வாங்கினாளோ அவரா என்பதை வினை சொல்லிவிடுகிறது. நாம் ‘இடம்’, ‘ஆக’ என்று பெயரோடு ஒட்டுவதை அவர்கள் வினையில் வைக்கிறார்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் இரண்டாவது வரி. மொழியியலாளர் புளூம்ஃபீல்ட் 1917இல் இந்த வினை வடிவங்களில் ஒன்றைச் செய்வினை என்றும் மற்றவற்றைச் செயப்பாட்டுவினை என்றும் பிரித்தார். அந்தப் பெயரை நம்பி ‘வாங்கப்பட்டது’ என்று மொழிபெயர்த்தேன். வேண்டாம். பினிலி வீட்டிலும் கடையிலும் சாதாரணமாகப் புழங்கும் வடிவம். ‘நங் இஸ்தா’ என்றால் ஏதோ மீன். ‘அங் இஸ்தா’ என்றால் இன்ன மீன் என்று தெரிந்தது. ‘மீன் வாங்கினாள்’, ‘மீனை வாங்கினாள்’ வித்தியாசம் நமக்குப் பழக்கமானதுதானே!

மூன்றாவது படி பெயரெச்சம். ‘மீன் வாங்கிய பெண்’, ‘பெண் வாங்கிய மீன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘வாங்கிய’. அங்கே முதலாவதற்குப் புமிலி, இரண்டாவதற்குப் பினிலி. மாற்றினால் வாக்கியம் நிற்காது.

பின்சேர்க்கை: ‘சமை’ என்று பொருள்படும் லூத்தோ என்ற வேரில் இந்த ‘உம்’, ‘இன்’ முறை பொருந்தவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. எல்லா வேரும் ‘உம்’ ஏற்காது. சமைத்தவருக்கு அங் வந்தால் நக்லூத்தோ. சமைத்த பொருளுக்கு வந்தால் நிலூத்தோ. ல-வில் தொடங்கும் வேரில் ‘இன்’ உள்ளே நுழையாமல் பொதுவாக ‘நி’ ஆகி முன்னால் நின்றுவிடும்.