மாணவர் இதழுக்குப் படம் எடுப்பது: வெள்ளைத் தாளில் தொடங்கி மதிப்பீடு வரை

பாடத்துக்காக ஒரு இதழ் தயாரித்து, கடைசியில் அதைப் பற்றி ஒரு மதிப்பீடும் எழுதித் தர வேண்டிய மாணவர்களுக்கான குறிப்பு இது. இதழுக்குப் படம் எடுக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் கேமரா யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அதற்கு முன் ஒரு ஏ4 தாளும் பென்சிலும் எடுங்கள். இதழின் பெயரும் தலைப்புகளும் எங்கே வரும் என்று தெரியாமல் எடுத்த படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் அட்டையில் உட்காராது.

படி 1: பக்கத்தை வரையுங்கள்

தாளை நெட்டுக்கு வைத்து, மேலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இதழின் பெயருக்கு விடுங்கள். தலைப்புகள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கட்டம் போடுங்கள். மிச்ச இடத்தில் ஆள். குச்சி மனிதன் போதும். உள்ளே இரண்டு பக்கம் விரியும் படம் என்றால், நடுமடிப்பில் முகம் விழாமல் ஒதுக்கி வையுங்கள்.

அளவையும் இப்போதே பாருங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சுக்கு ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சல் கேட்கும். அச்சடித்த பின் ஓரத்தை வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகவும் வேண்டும். 12 மெகாபிக்சல் ஃபோன் இதற்குத் தாராளம். ஆனால் ஃபோனின் 4:3 படத்தை ஏ4 ஆக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் போகும். பெரிய கேமராவின் 3:2 படத்தில் மேலும் கீழும் போகும். அதனால் ஆளைச் சுற்றி இடம் விட்டே எடுங்கள்.

படி 2: ஷாட் பட்டியல்

அட்டைக்கு ஒரு மிட் ஷாட் (இடுப்புக்கு மேல்), பேட்டிக்கு ஒரு க்ளோஸ்-அப் (முகம் மட்டும்), சூழலைக் காட்ட ஒரு லாங் ஷாட் (ஆள் முழுதாக), கை அல்லது பொருள் மட்டும் தெரியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது ஏன்?" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கடைசிப் படியில் இந்த வரிகள்தான் கை கொடுக்கும்.

படி 3: அனுமதி

படத்தில் வருபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரிடமும். இடத்துக்கும் அனுமதி கேளுங்கள். உடையில் நெருக்கமான கோடுகள், பெரிய பிராண்ட் எழுத்துகள் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

படி 4: எடுக்கும் நாள்

ஜன்னல் போதும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரைப் பிடித்தால் முகத்தின் இருட்டு தணியும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளியும் பகல் ஒளியும் கலந்தால் தோலின் நிறத்தைத் திருத்துவது பெரிய தொல்லை. சுவரிலிருந்து ஆளை ஒன்றரை மீட்டராவது முன்னால் கொண்டு வாருங்கள்.

ஃபோனை முகத்துக்கு மிக அருகில் கொண்டு போனால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டடி பின்னால் வந்து 2x ஜூமில் எடுங்கள். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகாமலும், கண்ணில் ஃபோகஸ் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப் படத்துக்கு லென்ஸை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். "சிரிங்க" என்று சொல்லாதீர்கள், பொய்ச் சிரிப்புதான் வரும். ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்.

நாலைந்து படம் எடுத்ததும் வரைந்த தாளோடு ஒப்பிடுங்கள். தலைக்கு மேல் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே மறுபடி எடுத்துவிடலாம்.

படி 5: பொறுக்குதல்

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் சிறு படங்களாக ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கண்ணை இழுக்கும் படம்தான் அட்டைக்குப் பொருந்தும்.

படி 6: மதிப்பீடு

பலர் இங்கேதான் "ஒளி நன்றாக இருந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதில் மதிப்பெண்ணும் வராது, பயனும் இல்லை. எழுதும் ஒவ்வொரு வரியிலும் "ஏனென்றால்" வரட்டும்: "மூன்றாவது படத்தை விட்டுவிட்டோம், ஏனென்றால் பார்வை வெளியே போகிறது, தலைப்பு வரும் பக்கத்துக்குக் கண் திரும்பவில்லை." படி 2-இல் எழுதிய காரணத்தைப் பக்கத்தில் வைத்து, நினைத்தது எது, கிடைத்தது எது என்று பாருங்கள். விட்ட படங்களையும் சேர்த்து ஒட்டுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் உங்கள் படத் தேர்வை எடைபோட அவைதான் உதவும்.

அப்புறம், இதழின் பெயரை மறைத்துவிட்டு, வாசகர்களாக நீங்கள் நினைக்கும் இரண்டு மூன்று பேரிடம் அட்டையைக் காட்டி, "இது எதைப் பற்றிய இதழ்?" என்று கேளுங்கள். இசை இதழைப் பார்த்து விளையாட்டு என்கிறார்களா? சரி, அடுக்கிய தாளுக்குத் திரும்பிப் போய், அச்சுக்கு அனுப்பும் முன் வேறு படத்தை மாற்றிப் போடுங்கள். மாற்றிய காரணத்தையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.