ஸ்மார்ட் பிளக்கை வீட்டு வைஃபையில் இணைப்பது எப்படி?

மொபைலிலிருந்தே போட்டு அணைக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக்கில் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அப்படியிருக்க, வீட்டு வைஃபை பாஸ்வேர்டை அதற்கு எப்படித் தெரியப்படுத்துவது? மொபைலில் ஆப் போடச் சொல்வது இதற்குத்தான். தகராறு வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

1. ரவுட்டரைப் பாருங்கள். பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளுக்கும் பல்புகளுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சிக்னல் சீக்கிரம் குறைந்துவிடும். ஒரு விளக்கைப் போட்டு அணைக்க அந்த வேகமும் தேவையில்லை. பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும். பிளக் இணைய மறுத்தால், ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு முயலுங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

2. பெட்டியில் சொல்லியிருக்கும் ஆப்பை நிறுவுங்கள். புளூடூத்தைப் போட்டுவையுங்கள். லொகேஷன் அனுமதி கேட்டால் பயப்பட வேண்டாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடவே அது வேண்டும்.

3. பிளக்கைச் செருகி, அதன் பட்டனை ஐந்து விநாடி போல அழுத்திப் பிடியுங்கள். சின்ன விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். இப்போது பல மாடல்களில் பிளக்கே ஒரு குட்டி ஹாட்ஸ்பாட்டாக மாறியிருக்கும். மொபைல் அதில் இணைந்ததும் "இதில் இன்டர்நெட் இல்லை" என்று எச்சரிக்கை வரும். இல்லாமல் இருப்பதுதான் சரி, விலகிவிடாதீர்கள். போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவினால், டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடருங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தச் சுற்று இல்லை, புளூடூத் வழியாகவே பாஸ்வேர்ட் போய்விடும்.

4. வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டைக் கொடுங்கள். சில போன் கீபோர்டுகள் கடைசியில் ஒரு இடைவெளியைச் சொருகிவிடும், அதைக் கவனியுங்கள்.

பாஸ்வேர்ட் சரியென்றால் பிளக் ரவுட்டரில் சேர்ந்து, தனக்கென ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) வாங்கிக்கொள்ளும். அப்புறம் அதுவே, தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது இன்டர்நெட்டில் இருக்கும் கணினிக்கு, ஒரு தொடர்பை ஏற்படுத்தி, அதை விடாமல் வைத்திருக்கும். ஆபீஸிலிருந்து நீங்கள் 'ஆஃப்' அழுத்தினால் கட்டளை முதலில் அந்த சர்வருக்குப் போய், ஏற்கெனவே திறந்திருக்கும் அதே தொடர்பில் வீட்டுக்கு வருகிறது. உள்ளேயிருந்து தொடங்கிய தொடர்பு என்பதால் ரவுட்டரும் தடுப்பதில்லை.

இது தெரிந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். மினுக்கல் நிற்கவே இல்லையா? பாஸ்வேர்டையும் 2.4 விஷயத்தையும் பாருங்கள். இணைந்த பிளக்கை ஆப் திடீரென 'ஆஃப்லைன்' என்கிறதா? இன்டர்நெட் இருக்கிறதா என்று பாருங்கள். நெட் இல்லாவிட்டாலும் பிளக்கில் உள்ள பட்டன் வேலை செய்யும்.

ரவுட்டரை மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதிலும் வையுங்கள். பொதுவாக எல்லாச் சாதனங்களும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பிளக்கை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ஆப்பிலிருந்து நீக்கி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள்தான் இருக்கிறது.