பத்தா, பதினொன்றா? லேப்டாப்பில் விண்டோஸ் மாற்றுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கடலூரில் சொந்தக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு லேப்டாப் என் மடிக்கு வந்துவிடுகிறது. "விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதாமே தம்பி, 11 போட்டுடலாமா?" பதில் அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முடிவு செய்வதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் தாய்.

2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு முந்தைய வாரம், விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலையில் எல்லா லேப்டாப்பும் வழக்கம்போல எழுந்தன. "நல்லாத்தானே ஓடுது" என்று பலர் விட்டுவிட்டார்கள். ஓடும், ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஆளில்லை. ஆன்டிவைரஸ் அந்த வேலையைச் செய்யாது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு, ஆனால் அது தானாக வராது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்க மாட்டார்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

அடுத்தது லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் இன்டெல் பிராசசர் ஸ்டிக்கரை நம்புவது. "ஐ5 தானே, தாங்கும்" என்பார்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இல்லை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, பட்டியலில் உண்டு. இரண்டிலும் ஒட்டியிருப்பது ஐ5 என்ற ஸ்டிக்கர்தான்.

என் அத்தை மகன் கல்லூரிக்காகப் புதுச்சேரியில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினான். ஏழாம் தலைமுறை. கடைக்காரர், லேப்டாப் தகுதியானதா என்று விண்டோஸ் 11 பார்க்கும் பரிசோதனையைத் தாண்டும் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றி, "லேட்டஸ்ட் விண்டோஸ் சார்" என்று கொடுத்துவிட்டார். அழகாகத்தான் ஓடியது. ஆனால் இப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு தானாக வந்து ஏறாது. ஒவ்வொரு பதிப்புக்கும் வீட்டு உபயோகத்தில் ஆதரவு 24 மாதம்தான். பழையதை விட்டு ஓடிவந்தவன், புதியதன் பெயரில் அதே இடத்துக்கே போய்ச் சேருவான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. "இதுல 11 ஏறாதுன்னு காட்டுது" என்று புது லேப்டாப்புக்குத் தவணை பார்த்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு அண்ணன். பத்தாம் தலைமுறை லேப்டாப். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓடவிட்டால் எது குறைகிறது என்று அதுவே சொல்லும். ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் ஒன்று: டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப்பில் 11 வேண்டவே வேண்டாம். அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு வாருங்கள். ரேம் 4 ஜிபி போதும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். 8-க்குக் குறைவாக இருந்தால் நான் போட்டுத் தர மாட்டேன்.

முதுநகரில் மண்டி வைத்திருக்கும் சித்தப்பாவின் கதை வேறு. அவர் கணக்கு எழுதுவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் மென்பொருளில். 32 பிட் விண்டோஸ் 10-இல் அது ஓடுகிறது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் அந்த 16 பிட் மென்பொருள் திறக்காது. 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள பழைய பிரிண்டருக்கும் இதே கதி. அவரிடம் "மாத்தாதீங்க சித்தப்பா" என்றேன். நெட்டைத் துண்டித்தேன், தினமும் கடை சாத்தும்போது பென் டிரைவில் ஒரு நகல். ஜிபே, பேங்க் எல்லாம் போனில். பழையதை வைத்துக்கொள்வது தவறில்லை. அதை நெட்டில் திறந்து வைப்பதுதான் தவறு.

நாலாம் தலைமுறை மாதிரி மிகப் பழைய லேப்டாப் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, நம்மில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

மாற்றுவது என்று முடிவானால் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, அப்டேட் பாதியில் நின்றால் விண்டோஸ் மட்டும் அல்ல, உங்கள் கோப்புகளும் போகலாம். நகல் எடுத்துவிட்டு, சார்ஜரில் போட்டுத் தொடங்குங்கள். 10-இலிருந்து அப்படியே 11-க்கு ஏறியவர்களுக்குப் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக 10 நாள் அவகாசம் உண்டு. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டவர்களுக்கு அது கிடையாது. இடம் அடைக்கிறதே என்று, பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை மூன்றாம் நாளே அழித்தவர்களுக்கும் கிடையாது.